நிறக்குறைபாடு உள்ள பிள்ளையின் கண்ணுக்கு உலகம் எப்படித் தெரிகிறது?

பத்து வயது மகனுக்குச் சிவப்பு–பச்சை நிறக்குருடு இருப்பதாகக் கண் மருத்துவர் சொல்லியிருக்கிறார். இனி அவனுக்கு எல்லாமே கறுப்பு வெள்ளையாகத்தான் தெரியுமா, அவன் பார்க்கிற உலகம் எப்படி இருக்கும், பிற்காலத்தில் வேலைக்குச் சிக்கல் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். கண் பரிசோதனைதான் என் தொழில். என் தம்பிக்கும் இதே குறைபாடு உண்டு. அதனால் இந்த விஷயம் எனக்குப் படித்தும் தெரியும், வீட்டில் கூடவே இருந்து பார்த்தும் தெரியும். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதல் கேள்விக்கு நேரடியான பதில்: இல்லை. உங்கள் மகனுக்கு நிறங்கள் தெரியும். வானம் அவனுக்கு நீலம்தான், மஞ்சள் தூள் மஞ்சள்தான். பார்வைக் கூர்மையிலும் எந்தக் குறையும் இருக்காது. தூரத்தில் வருகிற பேருந்தின் எண்ணை உங்களைப் போலவே படிப்பான். நம் கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரிகிற சில நிறங்கள் அவனுக்கு ஒன்றாகத் தெரிகின்றன, அல்லது வித்தியாசம் மிகக் குறைவாகத் தெரிகிறது. பிறந்ததிலிருந்தே அவன் பார்க்கும் உலகம் அதுதான். அதனால் எதையோ இழந்துவிட்ட உணர்வே அவனுக்கு இருக்காது. நாம் பதறும்போதுதான் அவனும் பதறுவான்.

இது ஏன் இப்படி ஆகிறது என்று தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபமாகப் புரியும். விழித்திரையில் ஒளியை உணரும் செல்கள் இரண்டு வகை. குச்சி செல்கள் இருட்டுக்கானவை. நிறம் பார்ப்பது கூம்பு செல்களின் வேலை. ஒரு கண்ணில் சுமார் 60 லட்சம் கூம்பு செல்கள் இருக்கின்றன. அவற்றில் மூன்று ரகம்: ஒன்று 420 நானோமீட்டர் அலைநீளத்துக்குப் பக்கத்தில் உள்ள ஒளியை அதிகமாக உள்வாங்கும், இன்னொன்று 530க்குப் பக்கத்தில், மூன்றாவது 560க்குப் பக்கத்தில். வசதிக்காக நீலக் கூம்பு, பச்சைக் கூம்பு, சிவப்புக் கூம்பு என்று சொல்லுவோம். ஆனால் எந்தக் கூம்புக்கும் தனியாக நிறம் தெரியாது. இவ்வளவு ஒளி வந்து விழுந்தது என்ற ஒரே தகவலைத்தான் அதனால் அனுப்ப முடியும். பக்கத்துப் பக்கத்துக் கூம்புகள் அனுப்பும் அளவுகளை ஒப்பிட்டுத்தான் நிறம் உருவாகிறது. சிவப்புக் கூம்பையும் பச்சைக் கூம்பையும் ஒப்பிட்டால் சிவப்பா பச்சையா என்று தெரியும். இவை இரண்டையும் சேர்த்து நீலக் கூம்போடு ஒப்பிட்டால் நீலமா மஞ்சளா என்று தெரியும்.

இப்போது சிவப்புக் கூம்போ பச்சைக் கூம்போ இல்லாமல் போனால் என்ன ஆகும்? முதல் ஒப்பீடு நடக்காது. இரண்டாவது ஒப்பீடு நன்றாகவே நடக்கும். வெளிச்சம், இருள் வித்தியாசமும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். சிவப்பு–பச்சை நிறக்குறைபாடு என்பது இவ்வளவுதான்.

இதில் அளவு வித்தியாசம் நிறைய உண்டு. உங்கள் மகனின் நிலையைத் தெரிந்துகொள்ள இதுதான் முக்கியம். சிலருக்கு ஒரு ரகக் கூம்பே கிடையாது. இன்னும் பலருக்கு மூன்று ரகமும் இருக்கும், ஆனால் ஒன்றின் உச்சம், அதாவது அது அதிகமாக உள்வாங்கும் அலைநீளம், இடம் மாறி அடுத்ததோடு மிகவும் நெருங்கியிருக்கும். உச்சங்கள் நெருங்க நெருங்க ஒப்பீட்டில் கிடைக்கிற வித்தியாசமும் குறையும். நிறக்குறைபாடு உள்ளவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இந்த இரண்டாவது கூட்டத்தில், அதிலும் பச்சைக் கூம்பு இடம் மாறியவர்களாக இருக்கிறார்கள். அவர்களில் சிலருக்குக் குறைபாடு இருப்பது நாற்பது வயது வரைக்கும் தெரியாமலே போவதுண்டு.

சரி, எப்படித் தெரியும்? முழுமையாகப் பச்சைக் கூம்பு இல்லாத ஒருவரோடு ஒருநாள் நடந்து பார்ப்போம். கோவைக்கொடியில் பழுத்துத் தொங்கும் பழம் நம் கண்ணைப் பிடித்து இழுக்கிறது. அவர் கண்ணில் அது இலைகளோடு இலையாகக் கிடக்கும். பக்கத்தில் போய் உருவத்தை வைத்துக் கண்டுபிடித்தால்தான் உண்டு. காய்கறிக் கடையில் தக்காளி பழமா, செங்காயா என்பது நிறத்தை வைத்துத் தெரியாது, அமுக்கிப் பார்ப்பார். பச்சை மிளகாயும் பழுத்த மிளகாயும் கலந்து கிடந்தால் பிரித்தெடுப்பது பெரும்பாடு. கத்தரிக்காயின் ஊதா அவருக்குக் கருநீலம். ரோஸ் நிறம் வெளிறிப்போய்ச் சாம்பல் பக்கம் ஒதுங்கிவிடும். சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, பழுப்பு எல்லாம் ஒரே மஞ்சள் குடும்பத்தின் வெவ்வேறு பிள்ளைகள்: கொஞ்சம் வெளுத்தது, கொஞ்சம் கறுத்தது, கொஞ்சம் அழுத்தமானது. அரக்குச் சேலைக்குக் கரும்பச்சைக் கரை வைத்த காஞ்சிபுரம் பட்டை நாம் பார்த்து அசந்து நிற்போம். அவருக்கு உடலும் கரையும் கிட்டத்தட்ட ஒரே பழுப்பு. நடுவில் ஓடும் ஜரிகைதான் இரண்டையும் பிரித்துக் காட்டும். அதே சமயம் மாம்பழ மஞ்சளில் நீலக் கரை என்றால் நமக்கு எவ்வளவு எடுப்போ அவருக்கும் அவ்வளவு எடுப்பு.

நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவில், 500 நானோமீட்டரை ஒட்டி, ஓர் இடம் இருக்கிறது. அங்கே அவருக்கு நிறமே தெரியாது, வெள்ளை அல்லது சாம்பல்தான். போக்குவரத்து சிக்னலில் உள்ள பச்சையில் கொஞ்சம் நீலம் கலந்திருப்பதால், பலருக்கு அது வெள்ளை விளக்காகத் தெரிகிறது. சிவப்பும் மஞ்சளும் ஒன்றுபோல் தெரியும். மேலே எரிந்தால் நில், கீழே எரிந்தால் போ என்று இடத்தை வைத்து ஓட்டிவிடுவார்கள். பகலில் இதில் சிரமமே இல்லை. இரவில், கம்பமும் பெட்டியும் கண்ணில் படாமல் விளக்கு மட்டும் தெரியும்போது, தெருவிளக்குகளுக்கு நடுவில் எது சிக்னல் என்று தேட வேண்டியிருக்கும். என் தம்பி பைக்கில் போகும்போது முன்னால் போகும் வண்டிகளைத்தான் பார்ப்பான்.

சிவப்புக் கூம்பு இல்லாதவர்களுக்கு இதோடு இன்னொரு சிரமமும் உண்டு. நீண்ட அலைநீள ஒளியே அவர்களுக்கு மங்கிப்போய்விடும். அழுத்தமான சிவப்பு அவர்களுக்குக் கறுப்பு. கரும்பலகையில் சிவப்பு சாக்பீஸால் எழுதினால் எழுத்தே தெரியாமல் போகலாம். ஆசிரியர் சிவப்பு மையில் திருத்தியது பையனின் கறுப்பு எழுத்தோடு கலந்துவிடும். முன்னால் போகும் வண்டியின் பிரேக் விளக்கும் நமக்குத் தெரிகிற அளவு பளிச்சென்று தெரியாது. மருத்துவர் அறிக்கையில் புரோட்டன் என்று இருந்தால் இந்த வகை, டியூட்டன் என்று இருந்தால் முன்னே சொன்ன பச்சைக் கூம்பு வகை. உங்கள் மகன் எந்த வகை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கிரிக்கெட் பார்க்கிற வீடு என்றால் இன்னொரு உதாரணம் சொல்கிறேன். ஆஸ்திரேலியாவுக்கு டெஸ்ட் ஆடிய தொடக்க ஆட்டக்காரர் கிறிஸ் ராஜர்ஸ், விக்கெட் கீப்பர் மேத்யூ வேட் இருவருக்கும் நிறக்குறைபாடு உண்டு. பச்சைப் புல்லில் உருளும் சிவப்புப் பந்தை வைத்து ஆடியே அந்த உயரத்துக்குப் போனார்கள். மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்தை, வெளிச்ச வித்தியாசத்தையும் அசைவையும் வைத்துப் பிடித்துவிட முடிகிறது. பகலிரவு ஆட்டத்துக்கு இளஞ்சிவப்புப் பந்து வந்தபோதுதான் இருவரும் சிரமத்தை வெளிப்படையாகப் பேசினார்கள்.

இதையெல்லாம் நிறம் தெரிகிற ஒருவர் எப்படி உறுதியாகச் சொல்ல முடியும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அடுத்தவர் மனத்துக்குள் சிவப்பு எப்படித் தெரிகிறது என்பதை யாராலும் எட்டிப்பார்க்க முடியாது. ஆனால் மிக அபூர்வமாகச் சிலருக்கு ஒரு கண்ணில் மட்டும் நிறக்குறைபாடு இருக்கும், மற்றக் கண் சாதாரணமாக இருக்கும். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கிரகாம், சியா என்ற இரு ஆய்வாளர்கள் அப்படிப்பட்ட ஒரு பெண்ணைச் சோதித்து 1958ல் எழுதினார்கள். குறைபாடுள்ள கண்ணுக்கு ஒரு நிறத்தைக் காட்டி, நல்ல கண்ணுக்கு அதே மாதிரி தெரியும் நிறத்தைத் தேடச் சொன்னார்கள். வானவில்லின் ஒரு பாதி முழுவதற்கும் அவர் தேர்ந்தெடுத்தது சுமார் 570 நானோமீட்டர் மஞ்சள், மறுபாதிக்குச் சுமார் 470 நானோமீட்டர் நீலம். இன்றைக்குக் கைப்பேசிகளில் இருக்கும் ‘நிறக்குறைபாட்டுக் கண்ணால் பார்’ வகைச் செயலிகள் பலவற்றுக்கும் இப்படிப்பட்ட ஒற்றைக் கண் சாட்சியங்களே அடிப்படை. ஒன்றைத் தரவிறக்கி உங்கள் சமையலறையைப் பாருங்கள். அது காட்டுவது முழுமையான குறைபாட்டை என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும். உங்கள் மகனுடையது லேசான வகை என்றால் அவன் உலகம் அந்தப் படத்துக்கும் உங்கள் உலகத்துக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது.

உள்ளிருந்தே இதைப் பற்றி முதலில் விரிவாக எழுதியவர் அணுக்கொள்கையால் நாம் அறிந்த ஜான் டால்டன். 1766ல் இங்கிலாந்தின் வடமேற்கில் பிறந்தவர். இருபத்தைந்து வயதைத் தாண்டும் வரை அவருக்கும் தெரியாது. 1792ல் ஒரு ஜெரேனியம் பூவை மெழுகுவத்தி வெளிச்சத்தில் தற்செயலாகப் பார்த்தார். பகலில் அவருக்கு வான நீலமாகத் தெரிந்த பூ, அப்போது நீலமே இல்லாமல் சிவப்பாகத் தெரிந்தது. உண்மையில் அது ரோஸ் நிறப் பூ. பகல் வெளிச்சத்தில் அதன் நீலக் கூறு மட்டும் அவருக்கு எட்டியது. மெழுகுவத்தி ஒளியில் நீலம் மிகக் குறைவு என்பதால் அந்தக் கூறு மறைந்தது. நண்பர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். யாருக்கும் அப்படிப்பட்ட மாற்றம் தெரியவில்லை. அவருடைய சகோதரருக்கு மட்டும் அவரைப் போலவே தெரிந்தது. குறைபாடு குடும்பத்தில் ஓடுகிறது என்பதற்கு அதுவே அறிகுறி. 1794ல் மான்செஸ்டர் இலக்கிய, தத்துவக் கழகத்தில் இதைக் கட்டுரையாகப் படித்தார். வானவில்லில் மற்றவர்கள் ஆறேழு நிறம் பார்க்க, தனக்கு மஞ்சள், நீலம், அதிகம் போனால் ஊதா என இரண்டு மூன்றுதான் தெரிகின்றன என்றும், லாரல் என்ற செடியின் பச்சை இலையும் முத்திரை போடும் சிவப்பு அரக்கும் தனக்கு ஒரே நிறம் என்றும் எழுதினார்.

தன் கண்ணுக்குள் இருக்கும் திரவம் நீலமாக இருந்து சிவப்பை வடிகட்டிவிடுகிறது என்று டால்டன் நம்பினார். இறந்த பிறகு கண்ணைத் திறந்து பார்க்கச் சொல்லிவிட்டுப் போனார். 1844ல் அவர் இறந்த மறுநாள் மருத்துவர் ரான்சம் பார்த்தார். திரவம் தெளிவாகத்தான் இருந்தது. இன்னொரு கண்ணின் பின்பக்கத்தைக் கொஞ்சம் வெட்டி, அதன் வழியே சிவப்பு, பச்சைப் பொருட்களைப் பார்த்தார். அவருக்கு இரண்டும் வேறுவேறாகவே தெரிந்தன. அப்படியென்றால் குறை கண்ணின் முன்பகுதியில் இல்லை, பின்னால்தான். கண்ணின் மிச்சத்தை மான்செஸ்டரில் பத்திரமாக வைத்திருந்தார்கள். 1995ல் அதிலிருந்து டிஎன்ஏ எடுத்துப் பார்த்தபோது, பச்சைக் கூம்புக்கான மரபணு அவருக்கு இல்லை என்று தெரிந்தது. ஒன்றரை நூற்றாண்டு கழித்துக் கிடைத்த பதில். எனக்கு மிகவும் பிடித்த அறிவியல் கதை இதுதான், அதனால்தான் இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டேன்.

டால்டனுக்கே இருபத்தாறு வயது ஆகும் வரை தெரியவில்லை என்பதைக் கவனியுங்கள். உங்கள் மகனும் பத்து வயது வரை பிடிபடாமல் இருந்ததற்குக் காரணம் இதுதான். இந்தப் பிள்ளைகள் நிறங்களின் பெயர்களை நம்மைப் போலவே கேட்டுப் பழகுகிறார்கள். புல் பச்சை, ரத்தம் சிவப்பு, மரத்தண்டு பழுப்பு என்று பொருளை வைத்துப் பெயரைச் சரியாகச் சொல்லிவிடுவார்கள். மினுமினுப்பு, நிழல், இடம் என்று கிடைக்கிற தகவல் அத்தனையையும் பயன்படுத்துவார்கள். பொருள் தெரியாத இடத்தில்தான் மாட்டிக்கொள்வார்கள்: ஓவிய நோட்டில் பழுப்பு இலை, பச்சை முகம், ஊதா வானம். அதைக் கவனக்குறைவு என்று ஆசிரியர்கள் திட்டியிருப்பார்கள். அந்த நோட்டுகளை இப்போது எடுத்துப் புரட்டிப் பாருங்கள், நிறைய விளங்கும்.

அவனால் முடிந்து நம்மால் முடியாதவையும் உண்டு. நிறம் நம்மைத் திசைதிருப்பும் இடங்களில் இவர்கள் தப்பித்துக்கொள்கிறார்கள். சிவப்பும் பச்சையும் தாறுமாறாகக் கலந்த பரப்பில் ஒளிந்திருக்கும் வடிவத்தைச் சாதாரணக் கண்கள் தவறவிட, நிறக்குறைபாடு உள்ளவர்கள் கண்டுபிடித்ததை 1992ல் ஓர் ஆய்வு காட்டியது. பச்சைக் கூம்பு இடம் மாறியவர்களுக்கு நமக்கு ஒன்றாகத் தெரியும் சில காக்கி நிறங்கள் வேறுவேறாகத் தெரியும் என்று 2005ல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் காட்டினார்கள். அவர்களுடைய ஒப்பீட்டுப் புள்ளியே வேறு என்பதால், நம் கண்ணுக்கு எட்டாத வித்தியாசங்களும் அதில் விழுகின்றன.

அடுத்து, இது எங்கிருந்து வந்தது என்ற கேள்வி. வீட்டில் இதற்குள் பேச்சு கிளம்பியிருக்கும் என்பதால் சொல்கிறேன். சிவப்பு, பச்சைக் கூம்புகளுக்கான மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரியானவை என்பதால் முட்டை உருவாகும்போது தவறாகக் கோத்துக்கொண்டு ஒன்று தொலைவதோ இரண்டும் கலந்துபோவதோ எளிதாக நடக்கிறது. ஆணுக்கு ஒரே ஓர் எக்ஸ், அது தாயிடமிருந்து வருவது. பெண்ணுக்கு இரண்டு இருப்பதால் ஒன்று பழுதானாலும் மற்றது சமாளித்துவிடும். ஆகவே உங்கள் மகனுக்கு இது தாய் வழியாக வந்திருக்கிறது. பெரும்பாலும் தாய்வழித் தாத்தாவுக்கோ தாய்மாமன்களில் ஒருவருக்கோ இருக்கும். விசாரித்துப் பாருங்கள். இதில் தாயின் குற்றம் எதுவும் இல்லை, கர்ப்ப காலத்தில் சாப்பிட்டதற்கும் கிரகணத்துக்கும் இதில் சம்பந்தமில்லை. தந்தையிடமிருந்து மகனுக்கு இது போகாது. வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் 12 பேரில் ஒருவருக்கும் பெண்களில் 200 பேரில் ஒருவருக்கும் இருக்கிறது. சீன, ஜப்பானிய ஆண்களில் 4 முதல் 6.5 சதவீதம். இந்தியாவிலும் ஐரோப்பிய அளவைவிடக் குறைவுதான், ஆனாலும் ஒரு பள்ளியில் உங்கள் மகன் தனி ஆளாக இருக்க வாய்ப்பே இல்லை. நம்மிடையே இருக்கும் அக்கா மகளைக் கட்டுகிற வழக்கத்தில், மாப்பிள்ளைக்கு இந்தக் குறைபாடு இருந்தால், பெண்ணும் அதே பழுதான எக்ஸைச் சுமக்கும் வாய்ப்பு கூடுகிறது. அப்போது பெண் குழந்தைகளுக்கும் வரலாம்.

உண்மையாகவே கறுப்பு வெள்ளையில் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். அது வேறு நோய். கூம்பு செல்கள் எதுவுமே வேலை செய்யாது. சுமார் 30,000 பேரில் ஒருவருக்கு வரும். நிறம் தெரியாததைவிட அவர்களுக்குப் பெரிய துன்பம் வெயிலில் கண் கூசுவதும், பார்வை மங்கலாக இருப்பதும், கண் ஆடிக்கொண்டே இருப்பதும்தான். பசிபிக் கடலில் மைக்ரோனீசியாவின் பிங்கலாப் என்ற சிறு தீவில் மட்டும் இது மிக அதிகம். 1775 வாக்கில் ஒரு பெரும் புயலில் அந்தத் தீவின் மக்கள் பெரும்பாலோர் இறந்து, இருபது பேர் அளவுக்கே மிஞ்சினார்கள். மிஞ்சியவர்களில் ஒருவர் அந்த மரபணுவைச் சுமந்திருந்தார். அவர்களுக்குள்ளேயே மணம் முடித்து வந்ததால், இன்று அங்கே இருபது பேரில் ஒருவர் அளவுக்கு அந்த நோய் இருக்கிறது. உங்கள் மகனுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

பிறவியில் வந்த நிறக்குறைபாடு கூடாது, குறையாது. நன்றாக நிறம் தெரிந்துகொண்டிருந்த ஒருவருக்குத் திடீரென்று சிவப்பு மங்கினால் அது அவசரம். காசநோய்க்குக் கொடுக்கும் எதாம்புட்டால் மாத்திரை சிலருக்குப் பார்வை நரம்பைப் பாதிக்கும். அதன் முதல் அறிகுறிகளில் ஒன்று சிவப்பு, பச்சை குழம்புவது. வீட்டில் யாராவது அந்த மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்து அப்படிச் சொன்னால், அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.

வேலை விஷயத்துக்கு வருகிறேன். மருத்துவர் உங்கள் மகனுக்குக் காட்டியிருப்பது இஷிஹாரா புத்தகமாக இருக்கும். டோக்கியோவின் ஷினோபு இஷிஹாரா ராணுவ ஆள்சேர்ப்புக்காக உருவாக்கி 1917ல் வெளியிட்டது. புள்ளிகளுக்குள் நமக்கு 8 என்று தெரியும் தாளில் அவனுக்கு 3 தெரிந்திருக்கும். குறைபாடு இருக்கிறதா என்று கண்டுபிடிக்க இதைவிட எளிமையான சோதனை இல்லை. ஆனால் எவ்வளவு குறைபாடு என்பதை அது சரியாகச் சொல்லாது. லேசான குறைபாடு உள்ளவரும் பெரும்பாலான தாள்களில் தோற்றுவிடுவார். பல இடங்களில் இந்த ஒரே புத்தகத்தை வைத்து ஒருவரின் வாழ்க்கைப் பாதையைத் தீர்மானிக்கிறார்கள் என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தரும் விஷயம்.

சில வேலைகளுக்குக் கட்டுப்பாடு நியாயம்தான். 1875ல் ஸ்வீடனின் லாகர்லுண்டாவில் இரண்டு ரயில்கள் மோதி ஒன்பது பேர் இறந்தார்கள். நிறக்குறைபாடு காரணமாக இருக்கலாம் என்று ஹோல்ம்கிரன் என்ற உடலியல் பேராசிரியர் வாதாடினார். அந்த விபத்துக்கு அதுதான் காரணமா என்பதில் இன்று சந்தேகம் உண்டு. ஆனால் ரயில் ஊழியர்களுக்கு நிறச்சோதனை பரவியது அதற்குப் பிறகுதான். நம் ரயில்வேயில் லோகோ பைலட் வேலைக்கு ஏ1 என்ற மிகக் கடுமையான மருத்துவத் தரம். உதவி லோகோ பைலட் தேர்வுக்கு இரண்டு மூன்று வருஷம் படித்து, எழுத்துத் தேர்வெல்லாம் தேறி, கடைசியில் மருத்துவப் பரிசோதனையில் முதல்முறையாகத் தனக்கு இது இருப்பதைத் தெரிந்துகொண்டு உடைந்து போகும் இளைஞர்களைப் பார்த்திருக்கிறேன். உங்களுக்குப் பத்து வயதிலேயே தெரிந்துவிட்டது. அது பெரிய நன்மை.

மற்ற கதவுகள் பல திறந்திருக்கின்றன, அல்லது திறந்துகொண்டிருக்கின்றன. நிறக்குறைபாடு உள்ள மாணவர்கள் மருத்துவம் படிக்கும் வழி 2017ல் உச்ச நீதிமன்றத்தின் தலையீட்டால் திறந்தது. 2020 ஜூனில் மத்திய அரசு விதியைத் திருத்தி, லேசான, நடுத்தரக் குறைபாடு உள்ளவர்களுக்கு ஓட்டுநர் உரிமம் தர அனுமதித்தது. 2022ல் புனே திரைப்படக் கல்லூரி வழக்கில், நிறக்குறைபாட்டைக் காட்டி எந்தப் பாடப்பிரிவிலும் சேர்க்க மறுக்கக் கூடாது என்றது உச்ச நீதிமன்றம். நம் ஊர் வழக்கும் ஒன்று உண்டு: தமிழ்நாடு மின்வாரியத்தில் உதவிப் பொறியாளர் பணிக்குத் தேர்வான ஒருவருக்கு இதே காரணத்துக்காக வேலை மறுக்கப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு தடவை வென்று, மேல்முறையீட்டில் தோற்று, 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தில் அவர் வென்றார். அவருடைய குறைபாட்டுக்கு ஏற்றபடி வேலையை அமைத்துக் கொடுப்பது நிர்வாகத்தின் கடமை என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் பட்டியலில் நிறக்குறைபாடு இல்லை. வேலைக்கும் தகுதியில்லை, சலுகைக்கும் தகுதியில்லை என்று நடுவில் இவர்கள் சிக்கிக்கொள்வதை நீதிமன்றம் எடுத்துச் சொன்னது.

என் கருத்தும் இதுதான்: பெரும்பாலான சிரமங்கள் இவர்களுடைய கண்ணால் வருவதில்லை, ஒரு தகவலை நிறத்தால் மட்டும் சொல்லிவிட்டுப் போகிறவர்களால் வருகிறது. பொட்டலங்களில் சைவத்துக்குப் பச்சை வட்டம், அசைவத்துக்குப் பழுப்பு வட்டம் என்று பல ஆண்டுகள் இருந்தது. நிறக்குறைபாடு உள்ள சைவர் ஒருவருக்கு இரண்டும் ஒன்றே. 2020ஆம் ஆண்டின் உணவு லேபிள் விதிகளில் அசைவக் குறியை முக்கோணமாக மாற்றினார்கள். வடிவம் மாறியது, சிக்கல் தீர்ந்தது. சார்ஜ் ஏறும்போது சிவப்பு, நிறைந்ததும் பச்சை என்று ஒரே விளக்கு மாறுவது, பங்குச் சந்தை வரைபடம், எலெக்ட்ரானிக்ஸ் மாணவர்கள் படிக்க வேண்டிய ரெசிஸ்டர் வளையங்கள் எல்லாம் அப்படிப்பட்டவை. நிறத்தோடு ஒரு எழுத்தோ வடிவமோ சேர்த்தால் போதும்.

குணமாக்க முடியுமா? இப்போதைக்கு இல்லை. என்க்ரோமா போன்ற கண்ணாடிகள் சில அலைநீளங்களை வெட்டிவிட்டு, சில நிறங்களுக்கு இடையிலான வித்தியாசத்தைக் கூட்டிக் காட்டும். சிலருக்கு அது சந்தோஷமான அனுபவமாக இருக்கிறது. ஆனால் 2018ல் ஸ்பெயினின் கிரனடா பல்கலைக்கழகத்தில் சோதித்தபோது, அணிந்தவர்கள் நமக்குத் தெரிகிற மாதிரி நிறம் பார்க்கவில்லை. வீடியோவில் கண்ணாடி போட்டதும் அழுகிறார்களே என்று ஆயிரக்கணக்கில் செலவழிக்காதீர்கள். நம்பிக்கை தரும் செய்தி குரங்குகளிடமிருந்து வந்தது: 2009ல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் நைட்ஸ் தம்பதி, பிறவியிலேயே சிவப்பு–பச்சை பிரிக்கத் தெரியாத, வளர்ந்த அணில் குரங்குகளின் விழித்திரைக்குள் விடுபட்ட மரபணுவை வைரஸ் மூலம் செலுத்தினார்கள். சில மாதங்களில் அவை அதுவரை தோற்ற நிறச்சோதனையில் தேறின. அதில் ஒரு குரங்கின் பெயர் டால்டன். மனிதர்களின் சிவப்பு–பச்சைக் குறைபாட்டுக்கு அந்தச் சிகிச்சை இன்னும் வரவில்லை.

இப்போது வீட்டில் செய்ய வேண்டியவை. அவன் கலர் பென்சில்கள் ஒவ்வொன்றிலும் நிறத்தின் பெயரை எழுதி ஒட்டுங்கள். வகுப்பு ஆசிரியரிடம் ஒரு தடவை நேரில் போய்ச் சொல்லுங்கள்: பலகையில் வெள்ளை அல்லது மஞ்சள் சாக்பீஸ், வரைபடத்தில் நிறத்தோடு எழுத்தும். ‘இது என்ன கலர், சொல்லு பார்ப்போம்’ என்று உறவினர்கள் விளையாட்டாகச் சோதிப்பதை உடனே நிறுத்துங்கள். என் தம்பி சின்ன வயதில் கல்யாண வீடுகளுக்கு வர மறுத்ததே இதனால்தான். பிளஸ் டூவில் அறிவியல் எடுத்தால், வேதியியல் செய்முறையில் வெளிர் ரோஸ் முடிவுநிலையும் சுடர்ச் சோதனையும் அவனுக்குக் கடினமாக இருக்கும். பக்கத்தில் ஒரு நண்பனைக் கேட்க அனுமதிக்கும்படி முன்கூட்டியே பேசிவைக்க வேண்டும்.

அப்புறம், பத்தாம் வகுப்பு முடிப்பதற்குள் ஒரு பெரிய கண் மருத்துவமனைக்கு அழைத்துப்போய், குறைபாட்டின் வகையையும் அளவையும் சொல்லும் சோதனைகளைச் செய்யுங்கள்: நிற வில்லைகளை வரிசைப்படுத்தும் டி-15, வசதி இருந்தால், சிவப்பு, பச்சை ஒளிகளைக் கலந்து மஞ்சளோடு பொருத்தச் சொல்லும் அனோமலோஸ்கோப் கருவி. அறிக்கையில் புரோட்டனா டியூட்டனா, லேசா நடுத்தரமா கடுமையா என்று எழுதி வாங்குங்கள். ரயில் ஓட்டுநர், விமானி, ராணுவத்தின் சில பிரிவுகள் மாதிரி ஆசைகள் அவனுக்கு இருந்தால், அந்தந்தத் துறையின் மருத்துவத் தர விதியை அந்த அறிக்கையோடு வைத்துப் பார்த்துவிட்டு, பிறகு எந்தப் பாடப்பிரிவு என்று அவனோடு உட்கார்ந்து முடிவெடுங்கள்.